ஒட்டுக்கத்தி தீட்டும் தோல்வார்: எண்ணெய் எவ்வளவு, எப்போது?

போச்சம்பள்ளிப் பக்கத்தில் மா ஒட்டுக் கட்டும் தொழிலாளி ஒருவரிடமிருந்து வந்துள்ள கடிதம் இது. "இந்த ஆடியில் கட்டிய ஒட்டில் பாதிகூடத் துளிர்க்கவில்லை. பண்ணைக்காரர் 'உனக்குக் கைராசி போய்விட்டது' என்று சொல்லிக் கூலியில் பிடித்துக்கொண்டார். கத்தியைத் தினமும் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் ஊர் சலூன்காரர் கொடுத்த பழைய தோல்வார் அது. காய்ந்து வெடிப்பு விட்டதால் சித்திரையில் தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். அதிலிருந்து கத்தி பதமாக நிற்பதில்லை. இதற்கும் ஒட்டுப் பிடிக்காததற்கும் சம்பந்தம் உண்டா? தோல்வாரை என்ன செய்வது?"

சம்பந்தம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எல்லாப் பழியையும் தோல்வார் மேல் போட முடியாது என்பதும் உண்மை. ஒட்டுக்குச்சி எப்படி எடுக்கப்பட்டது, வேர்ச்செடி எந்தப் பருவத்தில் இருந்தது, கட்டிய பிறகு நிழல் எப்படி, தண்ணீர் எப்படி என்பதையெல்லாம் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெயில் ஊறிய தோல்வாரில் தீட்டிய கத்தி மழுங்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மழுங்கிய கத்தியால் இளந்தண்டு ஒட்டுக் கட்டினால் சேதம் வரும்.

இளந்தண்டு ஒட்டில் வேர்ச்செடியின் செம்பு நிறத் துளிர்த் தண்டைத் துண்டித்து, அதன் நடுவில் 3 முதல் 4 செ.மீ. ஆழத்துக்குப் பிளவு போடுகிறோம். அதே பருமனுள்ள ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு போலச் சீவிப் பிளவில் செருகுகிறோம். இரண்டு தண்டும் ஒன்றாவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்படையால்தான். கேம்பியம் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். கண்ணுக்கு ஈரமான ஒரு கோடு போலத்தான் தெரியும். கூரான கத்தி அந்தச் செல்களை அறுத்துக்கொண்டு போகும். மழுங்கிய கத்தி நசுக்கிக்கொண்டு போகும். நசுங்கிய செல்கள் காய்ந்து பழுப்பாகிவிடும். வெட்டு முகம் சமதளமாக இல்லாமல் அலை அலையாக இருந்தால் இடையில் காற்று நிற்கும். நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இரண்டும் நெருங்காது. தோல்வாரின் எண்ணெய் கத்தி வழியாக வெட்டு முகத்தில் ஒட்டினால், சேர வேண்டிய இரண்டு ஈரப் பரப்புகளுக்கு நடுவில் அதுவும் ஒரு திரைதான்.

தோல்வாரின் வேலை என்ன?

கத்தி கூராவது சாணைக்கல்லில்தான். தோல்வார் கூராக்குவதில்லை. கல்லில் தேய்த்து முடித்ததும் கத்தியின் வாயோரத்தில் மெல்லிய பிசிர் ஒன்று சுருண்டு நிற்கும். கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக மெதுவாக இழுத்தால் நெருடும். அந்தப் பிசிரை நீக்குவதும், வேலைக்கு நடுவில் லேசாக மடங்கிப்போகும் வாயை நிமிர்த்தி வைப்பதும் தோல்வாரின் வேலை. இதற்குத் தோல் கெட்டியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். அதே நேரத்தில் எலும்பு போல விறைத்தும் போகக் கூடாது. கத்தியைச் சற்றே பிடித்து இழுக்கும் பசை அதில் இருக்க வேண்டும். சவரக்கத்தி பிடித்த பழைய சலூன்காரர்களுக்கு இந்த இழுப்பு கையிலேயே தெரியும்.

எண்ணெய் அதிகமானால் தோல் பஞ்சு போல மெத்தென்று ஆகிவிடுகிறது. கத்தியை வைத்து இழுக்கும்போது அலகுக்கு அடியில் தோல் அமுங்குகிறது. அலகு கடந்ததும் மேலெழும்பி வாயை உருட்டிவிடுகிறது. எத்தனை முறை தீட்டுகிறோமோ அத்தனை முறை வாய் மொட்டையாகிறது. கடிதம் எழுதியவர் தினமும் தீட்டினேன் என்கிறார். அதுவே அவருக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. தீட்டாமல் கல்லில் தேய்த்த கையோடு வெட்டியிருந்தால்கூட இதைவிட நன்றாக வெட்டியிருக்கும்.

சலூன்களில் தோல்வாரைப் பார்த்தே பல வருடங்கள் ஆகியிருக்கும். 1986-ல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடக் கூடாது என்ற எச்சரிக்கை ஊர் ஊராகப் பரவியது. பாதி பிளேடு செருகும் கத்தி வந்துவிட்டது. சவரக்கத்தியும் தோல்வாரும் ஆணியிலேயே தொங்கிப்போயின. அப்படி ஓய்ந்துபோன தோல்வார்களில் சில ஒட்டுக் கட்டுபவர்கள் கைக்கு வந்திருக்கின்றன. நல்ல சேர்க்கைதான். பழைய தோல்வார் கிடைத்தால் விடக் கூடாது. ஆனால் பல வருடம் ஆணியில் காய்ந்ததை எடுத்து உடனே எண்ணெயில் முக்குவதுதான் தவறான வைத்தியம்.

தோலை முதலில் அடையாளம் காண்க

எல்லாத் தோலும் ஒன்றல்ல. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரத் துவர்ப்பில் பதமிட்ட தோல் ஒரு வகை. நம் மாநிலத்தில் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கத்துத் தோல் பதனிடுவோர் இதில் பெயர் பெற்றவர்கள். குரோமிய உப்பில் பதமிட்டது இன்னொரு வகை. மிருதுவான செருப்பு, பை, மேல்சட்டைக்குப் போவது பெரும்பாலும் அது. ஓரத்தைப் பிளேடால் ஒரு நூல் அளவு சீவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உள்ளேயும் பழுப்பாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருந்தால் தாவரத் துவர்ப்பு. நடுவில் நீலச் சாம்பல் நிறம் ஓடினால் குரோமியம். கத்தி தீட்ட முதல் வகையே ஏற்றது. அது அழுத்தமாக நிற்கும், எண்ணெயையும் அளவாகக் குடிக்கும். குரோமியத் தோல் ரப்பர் போல இழுபடும்.

தாவரத் துவர்ப்புத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரக் கத்தியை அதன் மேல் வைத்தால் கறுப்புத் தழும்பு விழும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டால் மை கறுப்பாவது போலத்தான் இது: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். தழும்பால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கத்தி ஈரத்தோடு வந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஈரம் உள்ளே போன இடத்தில் தோல் உப்பி மேடாகும், காய்ந்ததும் விறைக்கும்.

மாட்டுச் சலங்கைப் பட்டை தேய்ந்துபோனால் அதன் நல்ல பகுதியை வெட்டித் தோல்வார் செய்துகொள்ளலாம். பழைய இடுப்பு பெல்ட்டும் ஆகும், அது உண்மையான தோலாக இருந்தால். இன்று கடையில் தோல் என்று விற்கும் பெல்ட்டுகளில் பல, தோல் தூளைப் பசையில் பிசைந்து தட்டி மேலே மெழுகிய தாள் ஒட்டியவை. ஓரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்தால், பின்பக்கத்தில் நார் தெரியாமல் துணி தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். 25 முதல் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் போதும்.

எண்ணெய் ஊறிய தோல்வாரைத் தேற்றுவது

கடிதம் எழுதியவரின் தோல்வாரை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. முதலில் பழைய பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைக்க வேண்டும். பிறகு மரவள்ளி ஸ்டார்ச் மாவு அல்லது சோள மாவை இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே பலகையும் கனமான கல்லும் வைத்து நிழலில் ஓர் இரவு விட வேண்டும். காலையில் மாவு மஞ்சளாகிக் கட்டிபட்டிருக்கும். அதைத் தட்டிவிட்டுப் புது மாவு. மூன்று நாள், தேவைப்பட்டால் ஐந்து நாள். மாவு வெள்ளையாகவே இருக்கும் நாளில் நிறுத்திவிடலாம்.

சாம்பலோ திருநீறோ தூவுவது வேண்டாம். எண்ணெயை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது, தோலின் பதத்தைக் கெடுக்கும். அதில் கலந்திருக்கும் மணல் துகள் ஒன்று தோலுக்குள் புதைந்துகொண்டால் தீட்டும் ஒவ்வொரு முறையும் கத்தி வாயில் கீறல் விழும். வெயிலில் போட்டு எண்ணெய் வடிப்பதும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைப்பதும் தோலைக் கொன்றுவிடும். சூடு பட்ட தோல் சுருங்கி விறைத்தால் திரும்ப வராது.

இத்தனைக்குப் பிறகும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் எண்ணெய் மினுங்கி, பள்ளம் நிரம்பாமல் அப்படியே நின்றால் அந்தத் தோல் தீட்டுவதற்கு இனி ஆகாது. மாட்டுக் கயிறு உராயும் இடத்தில் பட்டையாகப் போட்டுக்கொள்ளலாம். வீணாகாது.

காய்ந்த தோல்வாருக்கு உரிய எண்ணெய்

வெடிப்பு ஆழமாக இல்லாமல், லேசாக வளைத்தால் வெளிறிய கோடுகள் மட்டும் தெரியும் தோலைத்தான் எண்ணெயால் காப்பாற்ற முடியும். குறுக்கே பிளந்த வெடிப்பு எண்ணெயால் ஒட்டாது. அப்படிப்பட்ட பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீதியைப் பலகையில் ஒட்டிக்கொள்வதே வழி.

எண்ணெய் என்றால் விளக்கெண்ணெய். வெளிநாடுகளில் மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அதைத் தேடி அலையத் தேவையில்லை. விளக்கெண்ணெய் காற்றுப் பட்டால் காய்ந்து பிசினாவதில்லை, சீக்கிரம் சிக்கு வாடையும் அடிப்பதில்லை, மார்கழிக் குளிரிலும் உறைவதில்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துபோகும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குளிர்காலக் காலையில் தோலுக்குள் கட்டியாகும், மதியம் உருகி மேலே கசியும். ஆளிவிதை எண்ணெய் நேர் எதிர்; காற்றில் காய்ந்து வார்னிஷ் போல இறுகி, தோலையும் இறுக்கிவிடும். மரக் கைப்பிடிக்கு அது நல்லது, தோலுக்கு அல்ல. டிராக்டரிலிருந்து இறக்கிய பழைய ஆயில் பூசுவோரும் இருக்கிறார்கள். அதில் இரும்புத் துகளும் கரியும் மிதக்கின்றன. அதைத் தொட்ட கத்தியால் செடியை வெட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

அளவு முக்கியம். 30 செ.மீ. தோல்வாருக்கு நாலைந்து சொட்டு. அதையும் தோல் மேல் நேராக ஊற்றக் கூடாது. உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் சூடேறத் தேய்த்து, பிறகு கையால் தோலைத் தடவ வேண்டும். பலகையில் ஒட்டாத தோல்வாராக இருந்தால் சொரசொரப்பான உட்பக்கத்தில் மட்டும் தடவினால் போதும், தேவையான அளவு மேலே ஏறிவரும். ஓர் இரவு விட்டு, காலையில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, அன்று முழுக்க அதில் தீட்டாமல் வைக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை: வெயில் ஏறும் பங்குனியில் ஒன்று, மழை முடிந்து பனி இறங்கும் மார்கழியில் ஒன்று. இதற்கு மேல் வேண்டாம்.

மற்ற நாட்களுக்கு எண்ணெய்க்குப் பதில் உள்ளங்கையே போதும். வேலை தொடங்கும் முன் கழுவித் துடைத்த கையை வைத்து, மேலிருந்து கீழாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேய்த்தால் தூசியும் போகும், கையின் சூட்டில் தோலுக்குள் இருக்கும் எண்ணெயும் பரப்புக்கு வரும். தினமும் புழங்கும் தோல்வார் வெடிக்காததற்கு இதுதான் காரணம். ஆணியில் தொங்கியதுதான் வெடிக்கும்.

புதுத் தோல் வழவழவென்று மெருகோடு இருந்தால் கத்தி வழுக்கும், பிடிக்காது. பழைய சவரத் தொழில் பாடங்களில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. நுரைக்கல்லால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து மெருகை எடுத்து, சவர சோப்பின் கெட்டி நுரையைத் தடவி, கண்ணாடிப் பாட்டிலின் அடியால் அழுத்தி உள்ளே இறக்குவார்கள். நுரை முழுவதும் தோலுக்குள் இறங்கிக் காய்ந்த பிறகு துடைத்துவிடுவார்கள். இன்றும் அது வேலை செய்கிறது. நுரைக்கல் கிடைக்காவிட்டால் 400 எண் உப்புத்தாள் போதும். தேய்த்த பிறகு தூளைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

பலகையில் ஒட்டுவதா, தொங்கவிடுவதா?

சலூன் தோல்வார் தொங்கும் வகை. ஒரு கையால் இழுத்துப் பிடித்து மறு கையால் தீட்ட வேண்டும். இழுப்பு தளர்ந்தால் தோல் தொட்டில் போல வளைந்து கத்தி வாயை உருட்டிவிடும். தொழில் பழகிய சலூன்காரருக்கு அது சரி. பண்ணையில் குத்தவைத்து உட்கார்ந்து, மடியில் நாற்றுப் பையும் வாயில் நாடாவுமாக வேலை செய்பவருக்குப் பலகையில் ஒட்டியதே உகந்தது. நன்கு காய்ந்த தேக்கு அல்லது வேப்பம் பலகையை இழைத்துச் சமமாக்கி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையால் ஒட்டலாம். மெருகுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பலகையின் மறுபக்கத்தில் இன்னொரு துண்டைச் சொரசொரப்புப் பக்கம் மேலே வரும்படி ஒட்டினால் அதில் தீட்டு மருந்து போட்டுக்கொள்ளலாம். உட்பக்கத்துக்கு எண்ணெய் தர வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தந்துவிட வேண்டும். எண்ணெய் ஈரத்தில் பசை பிடிக்காது.

தீட்டு மருந்து என்பது எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளில் மெருகேற்றும் பச்சைக் கட்டி. குரோமியம் ஆக்சைடு கலந்தது. சுண்ணக்கட்டியால் சிலேட்டில் கோடு போடுவது போல இரண்டு மூன்று இழுப்பு போதும். பச்சை கெட்டியாகத் தெரிந்தால் அது அதிகம். நாள்பட அந்தப் பரப்பு கறுத்துப் பளபளக்கும். தேய்ந்த இரும்பு அதில் நிறைந்துவிட்டது என்று பொருள். கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இரண்டு கோடு. மருந்துப் பக்கத்தில் தீட்டிய கத்தியை வெறுந்தோல் பக்கத்துக்குக் கொண்டுபோகும் முன் துணியால் துடைப்பது கட்டாயம். வெறுந்தோல் பக்கத்தில் மருந்து ஏறிவிட்டால் அதன் பிறகு இரண்டும் ஒன்றுதான்.

தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். வாய் முன்னே போனால் தோலைச் சீவிவிடும். தோல்வாரில் தெரியும் பிறை வடிவக் கீறல்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். கடைசியில் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேல் புரட்டித் திருப்ப வேண்டும். ஒட்டுக்கத்திகளில் பல ஒரு பக்கம் மட்டும் சரிவும் மறுபக்கம் தட்டையும் உள்ளவை. தட்டைப் பக்கத்தை முழுதாகத் தோலில் படியவைத்தே தீட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைச் சாய்த்துவிட்டால் ஆப்பு நேராக வராது. கல்லிலிருந்து வந்த கத்திக்கு மருந்துப் பக்கத்தில் பத்து, வெறுந்தோலில் இருபது இழுப்பு. வேலைக்கு நடுவில் ஐம்பது ஒட்டுக்கு ஒரு தடவை வெறுந்தோலில் ஐந்தாறு இழுப்பு. கத்தியின் எடையே போதும், அழுத்தவே கூடாது.

கீறல் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். தூக்கி நிற்கும் நாக்கைப் பசை வைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் சமமாக்கினால் போதும்.

மாம்பால்தான் பெரிய எதிரி

மா ஒட்டில் கத்தியில் ஏறும் பால் பிசுபிசுப்பானது, அமிலத்தன்மை கொண்டது. துடைக்காமல் தோல்வாரில் வைத்தால் பிசின் அதில் ஏறிப் பளபளவென்று இறுகும். அந்த இடத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், தீட்டப்படாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அதன் பிறகே தோல்வார். ஸ்பிரிட் பாட்டில் அருகில் பீடி கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பண்ணையில் பலருக்கும் மறந்துபோகிறது.

எலுமிச்சை, சாத்துக்குடி இனங்களில் மொட்டு ஒட்டுக் கட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எக்ஸோகார்ட்டிஸ் என்ற பட்டை உரிப்பு நோயின் வைராய்டு கத்தி வழியாகவே செடிக்குச் செடி பரவக்கூடியது. ஒரு தாய்மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் கத்தியை நனைத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். கழுவாவிட்டால் அந்தக் கரைசலே கத்தியை அரித்துவிடும். தோல்வாரை இப்படிக் கழுவ வழியில்லை. அதனால்தான் வரிசை மாறக் கூடாது: முதலில் கிருமி நீக்கம், பிறகு துடைப்பு, கடைசியில் தோல்வார். மாவுக்கு ஒன்று, எலுமிச்சை இனத்துக்கு ஒன்று என இரண்டு தோல்வார் வைத்துக்கொள்வது செலவு பிடிக்கும் காரியமல்ல.

கூலிப் பிடித்தம் பற்றி

கைராசியைக் காரணம் காட்டிக் கூலியில் கை வைப்பதற்கு முன் பண்ணைக்காரர் தம் பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஒட்டுக்குச்சியை வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளியிருக்கிறார்களா? வெட்டிய குச்சி ஈரச் சாக்கில் வந்ததா, மோட்டார் சைக்கிளில் வெயிலில் வந்ததா? கட்டிய நாற்றுகளுக்கு நிழல்வலை இருந்ததா? இவை தொழிலாளியின் கையில் இல்லாதவை. கத்தி மட்டும் அவர் கையில் இருப்பது.

சண்டையைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே நாளில், ஒரே மரத்துக் குச்சியில், ஒரே வரிசை நாற்றில் 40 ஒட்டுக் கட்ட வேண்டும். இருபதைப் பழைய தோல்வாரில் தீட்டிய கத்தியால், இருபதைச் சாணைக்கல்லில் தேய்த்து நல்ல தோல்வாரில் தீட்டிய கத்தியால். கட்டுபவர் ஒருவரே. முதல் இருபதுக்குச் சிவப்பு நூல், அடுத்ததற்கு வெள்ளை நூல். ஒரே இடத்தில் கலந்து வைத்து, மூன்று நான்கு வாரம் கழித்துப் பண்ணைக்காரரும் தொழிலாளியும் சேர்ந்து துளிர்த்தவற்றை எண்ணட்டும். இரண்டு நூலிலும் ஒரே அளவு போயிருந்தால் கோளாறு குச்சியிலோ நாற்றிலோ பராமரிப்பிலோ இருக்கிறது. வெள்ளை நூல் மட்டும் நன்றாகத் துளிர்த்திருந்தால் தோல்வாரை மாற்றினால் போதும், ஆளை மாற்றத் தேவையில்லை. ஆவணியிலும் காற்றில் ஈரம் இருக்கும் என்பதால் இந்தப் பருவத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

மற்ற கேள்விகள்

மழைக்காலத்தில் தோல்வாரில் பூஞ்சணம் பூக்கிறது. என்ன செய்வது?

உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரு முறை ஒற்றி, நிழலில் காற்றாட விடவும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவதுதான் பூஞ்சணத்துக்குக் காரணம். துணிப் பையில் சுற்றி, அடுப்படிக்கு அருகில் அல்லாமல், காற்றோட்டமான சுவரில் தொங்கவிடலாம்.

எலியும் கரப்பானும் தோல்வாரைக் கொறிக்கின்றன.

எண்ணெய் அதிகமான தோலைத்தான் அவை தேடி வருகின்றன. அளவைக் குறைத்தாலே பாதித் தொல்லை தீரும். மீதிக்கு மூடியுள்ள தகரப் பெட்டி. காற்றுக்கு ஆணியால் நாலு துளை. நாய் இருக்கும் வீட்டில் அதன் வாய்க்கு எட்டாத உயரம்.

இறந்துபோன எங்கள் மாட்டின் தோலை உப்புப் போட்டுக் காயவைத்திருக்கிறோம். அதில் தோல்வார் செய்யலாமா?

ஆகாது. உப்புப் போட்டது பச்சைத் தோல்தான், பதமிட்ட தோல் அல்ல. ஈரம் பட்டால் அழுகும், காய்ந்தால் கொம்பு போல விறைக்கும், உப்பு கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். நோயில் இறந்த மாடாக இருந்தால் தோலை உரிக்கவே கூடாது. அடைப்பான் நோயில் அது உயிருக்கே ஆபத்து.

தோலே கிடைக்கவில்லை. வேறு வழி?

பனையேறிகள் பாளை அரிவாளை மரப் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவதைப் பார்த்திருக்கலாம். அதே போல நன்கு இழைத்த மென்மரப் பலகையில் பச்சைக் கட்டியை நேராகத் தேய்த்துக்கொண்டு தீட்டலாம். தோலின் இழுப்பு அதில் இருக்காது; ஆனால் பலகை அமுங்காது, எண்ணெயும் கேட்காது. பரப்பு கறுத்ததும் ஒரு இழைப்பு இழைத்தால் மறுபடி புதுசு.